உப்பில்லாத சோறும் மண்ணைப் பார்க்கும் பெட்டியும்

எங்கள் வீட்டில் பல வருஷம் இரண்டு சட்டியில் குழம்பு கொதித்தது. ஒன்றில் உப்பு உண்டு, அது எனக்கு. இன்னொன்றில் உப்பு கிடையாது, அது அக்காவுக்கு. முத்தியால்பேட்டையில் ஒரே அறை, ஒரு அடுப்படி கொண்ட வாடகை வீடு. அதில் இருக்கிற இரண்டு பெண்களுக்கு இரண்டு குழம்பு என்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? "அக்கா தங்கச்சிக்குள்ள சண்டையாடி?" என்று கேட்பார்கள். "ஆமா, உப்புக்கு அடிச்சிக்கறோம்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அச்சாபீஸில் பகல் முழுக்க வாயைத் திறக்காமல் எழுத்துக் கோக்கிறவள், வீட்டுக்கு வந்தும் மூடி வைத்திருக்க முடியாது.

அக்கா உப்பை விட்டது மாமாவுக்காக. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். மில்லில் வேலை. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்துக்கு முன், அம்மா வீட்டுக் கூரையைச் சரி செய்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் கருவடிக்குப்பம் போனார். அதோடு சரி. மறுநாளும் வரவில்லை என்று அக்கா தேடிப் போனபோது, மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பிரான்சுக்குப் போய்ட்டாம்மா. ஒரு சொல்தா வூட்டுக்காரங்க கூட்டிக்கினு போய்ட்டாங்க. உங்கிட்ட சொல்லிக்கக்கூட நேரமில்ல. அழாத."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர்களோடு ஒட்டிக்கொண்டு யாராவது போவதும், சில வருஷம் கழித்து கோட்டும் தொப்பியுமாக வந்து இறங்குவதும் நடக்கிற காரியம்தான். வேறு ஊரில் ஒரு ஆள் காணாமல் போனால் குளம் குட்டையில் தேடுவார்கள். எங்கள் ஊரில் முதலில் பிரான்சில் தேடுவார்கள். அதனால் ஒருவர்கூட மாமியாரின் பேச்சைச் சந்தேகப்படவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று கூடத் தோன்றவில்லை. சிலர் அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். நான் மட்டும் மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறுகிறவன் என்ன ஆம்பிளை?

அக்கா திட்டவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. போவதற்கு முந்தின இரவு தீபாவளிக்கு எடுத்த நீல டெர்லின் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. வீட்டில் நீல நூல் இல்லை, சிவப்பு நூலால் தைத்தாள். அதற்கு அவர் முகத்தைச் சுளித்தாராம், ஆனாலும் காலையில் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். அந்தச் சுளிப்பை எடுத்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தடவிப் பார்த்தாள். "சட்டைக்கேத்த நூல்ல கூட தைக்கத் தெரியாதவன்னு நெனச்சிட்டாரோ?" என்பாள். சிவப்பு நூலுக்காக ஒருத்தன் கடல் தாண்டிப் போவானாடி என்று நான் கத்துவேன். அவள் கேட்டால்தானே. பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், கண்ணாடியில் தன்னையே சந்தேகமாகப் பார்ப்பாள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னை ஏன் வேண்டாம் என்று போனார், அதுதான் கேள்வி.

மாமியார் அந்த வாரமே உப்பை விட்டாள். மகன் திரும்பி வருகிற வரைக்கும் உப்பு தொடுவதில்லை என்று வேண்டுதல் என்றாள். வீட்டில் உப்புப் பானையையே கவிழ்த்து வைத்துவிட்டாள். பெரிய மகன், அதாவது மாமாவின் அண்ணன், அங்கேதான் இருந்தார். அவரும் அவர் பெண்சாதியும் கூட உப்பு வேண்டுமென்றால் வெளியே சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. பெற்றவளே விட்டுவிட்டாள், கட்டினவள் விடவேண்டாமா என்று அக்காவும் விட்டாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா ஒரு தூக்குவாளியில் உப்பில்லாத பொங்கல் எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பம் போவாள். லீவு கிடைத்தால் நானும் போவேன். அந்தத் தோட்டம் இப்போதும் என் கண்ணுக்குள் அரைத்தூக்கத்தில்தான் தெரிகிறது. செம்மண். நாலைந்து முந்திரி மரம், வேலியோரம் பனை, ஒரு கிணறு. கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஓலை வேய்ந்த விறகுக் கொட்டகை. மழை ஒரு சொட்டு உள்ளே இறங்காது, மாமா கடைசியாக வந்து வேய்ந்த கூரை அது. மாமியார் மத்தியானம் அங்கேதான் பாயை விரிப்பாள். வீட்டுக்குள் புழுக்கம் என்பாள். விறகையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் இடம் செய்து வைத்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் படுப்பாள், நான் அக்கா பக்கத்தில். பனை ஓலை உரசுகிற சத்தம் மேலே ஓடும். கொஞ்சம் தூரத்தில் கடல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு இரைச்சல் வரும்.

தூங்கி எழுந்து மாமியார் சேதி சொல்வாள். மகனைப் பற்றிய சேதியெல்லாம் அவளுக்குக் கனவில்தான் வரும்.

"இன்னைக்கும் கெனாவுல வந்தான். அந்த நீலச் சட்டையோடத்தான் நிக்கிறான். அங்க ஒரே குளிராம். எல்லாம் வெள்ள வெள்ளேன்னு கெடக்குது."

"பனியா அத்த?"

"பனியோ என்னமோ. வெள்ளையா கெடக்குது."

அக்காவுக்கும் அங்கே படுத்தால் கனவு வரும். மாமா வெள்ளையான ஒரு வெளியில் மல்லாந்து படுத்துச் சிரிப்பார். வீட்டில் படுத்தால் வராது, கொட்டகையில்தான் வரும். எழுந்ததும் முகமெல்லாம் மலர்ந்திருப்பாள், அதனால் நானும் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஒரு கனவும் வரவில்லை. கொசு கடித்ததுதான் மிச்சம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமியார் இறந்தாள். எங்கள் ஜனத்தில் புதைப்பது வழக்கம். குழியில் உப்பைக் கொட்டி, உடம்பை இறக்கி, மேலேயும் உப்பைப் போட்டுத்தான் மண் தள்ளுவார்கள். இல்லாதவர் ஒரு கை உப்பு போடுவார், இருக்கிறவர் மூட்டையை அவிழ்ப்பார். கடைசி நாட்களில் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உப்பு போடாதீங்கடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செத்த பிறகும் வேண்டுதலை விட மனசில்லை பார் என்று ஊரே உருகியது. ஆனால் வழக்கத்தை மீறப் பயந்து ஆண்கள் போட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் தன் பங்குக்குப் போடாமல் கையை மூடிக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் வேண்டுதல் முழுக்க அக்காவின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போவதையும் அவள் நிறுத்தவில்லை.

இன்னும் சில வருஷம் போயிற்று. மாமாவின் அண்ணன் குடிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் பட்டப்பகலில் சாராயக் கடையில் உட்கார்ந்து, "என் தம்பி எங்கியும் போவல, எங்கால் கீழதான் கெடக்கறான்" என்று அழுதிருக்கிறார். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தவர் மப்டியில் இருந்த போலீஸ்காரர். போதை தெளிந்ததும் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரே சாதிப்பு. அடி வாங்கியும் வாயைத் திறக்கவில்லை.

போலீசார் தோட்டத்தைத் தோண்டினார்கள். இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்து, இளகிய இடமென்று தோன்றிய இடத்திலெல்லாம் பள்ளம். முந்திரி வேரும் கல்லும்தான் வந்தன. அத்தனை குழிக்கும் மரவள்ளி நட்டிருந்தால் ஊருக்கே கிழங்கு கிடைத்திருக்கும். கொட்டகையை யாரும் தொடவில்லை. அங்கே கிழவி பாய் போட்டுப் படுத்த இடம், தரை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் ஒரு கூட்டம் வந்திருந்தது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் கட்டி, பின்னால் மூடிப்போன பழைய சாக்கடைகள் எங்கே ஓடுகின்றன என்று ஒரு மெஷினை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரேடார் என்றார்கள். வானத்தில் விமானத்தைத் தேடுகிற சமாச்சாரத்தைத் தரைப் பக்கம் கவிழ்த்தால் மண்ணுக்குள் இருப்பது தெரியுமாம். இன்ஸ்பெக்டர் போய்க் கேட்டு, ஒரு நாள் இரவல் வாங்கிவிட்டார்.

அன்றைக்கு நான் அச்சாபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு போனேன். வேலிக்கு வெளியே திருவிழாக் கூட்டம். வேர்க்கடலைக்காரன் வண்டியை நிறுத்தியிருந்தான். அக்கா குளித்து, பூ வைத்து வந்திருந்தாள். "எதுக்குடி பூ?" என்றேன். "அவரு இங்க இல்லன்னு தெரிஞ்சிட்டா பூவோடயே வூட்டுக்குப் போவலாமே" என்றாள். நான் அந்தப் பூவை விழாமல் இறுக்கிச் செருகிவிட்டேன்.

பெரிசாக ஏதோ வரப்போகிறது என்று பார்த்தால், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியளவுக்கு ஒரு பெட்டி. அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. அதற்கு ஒரு கயிறு, பின்னால் தடித்த ஒயர். ஒயர் போய்ச் சேருகிற இடத்தில் இன்னொரு பெட்டி, அதிலிருந்து தாள் மெல்ல மெல்ல வெளியே வரும். மெஷின் சார் என்று எல்லோரும் கூப்பிட்ட ஆள் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். தரையில் கயிறு கட்டி வரிசை பிடித்தார். ஒருத்தர் பெட்டியை அந்த வரிசையில் இழுத்துக்கொண்டு போவார், திரும்பி அடுத்த வரிசையில் வருவார். அவசரமே கிடையாது. தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி போனார். வேடிக்கை பார்த்த கூட்டமும் கொஞ்ச நேரத்தில் பேச்சை மறந்துவிட்டது. மண்மேல் பெட்டி சரசரவென்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

தாளில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக அலை வந்தது. கருகின காகித வாசனை அடித்தது. தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் எழுத்தைப் படித்துப் பழகினவள் நான், அதனால் இதையும் படித்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பூமி தூங்கும்போது விடுகிற மூச்சை யாரோ வரைந்த மாதிரி இருந்தது.

அக்கா அவரிடம் கேட்டாள், "சார், இதுல அவரு மூஞ்சி தெரியுமா?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும். "இல்லம்மா. உடம்ப இது காட்டாது. மண்ணத் தோண்டி மூடியிருந்தா, அந்த எடம் மத்த எடத்துக்கு வித்தியாசமா தெரியும். கல்லு, வேரு, பானை எது இருந்தாலும் கவுத்து வச்ச சட்டி மாதிரி ஒரு வளைவு வரும். அது என்னன்னு தோண்டித்தான் பாக்கணும்."

வளைவுகள் வந்தன. முதல் இடத்தில் தோண்டினால் உடைந்த உரல். அடுத்த இடத்தில் மண்வெட்டியில் எலும்பு தட்டியது. வேலிக்கு வெளியே கூட்டம் ஹோவென்றது. அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. எலும்பு முழுசாக வெளியே வந்ததும் ஒரு போலீஸ்காரர், "மாட்டு எலும்பு, மாட்டு எலும்பு" என்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்போதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அவள் கல்யாணமாகி வந்த வருஷம் செத்த கன்றுக்குட்டி அது. மாமாதான் அழுதுகொண்டே புதைத்தாராம். அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள், உடனே அழுதாள்.

தோட்டம் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சலித்துப்போய் கொட்டகையையும் ஒரு இழு இழுத்துவிடச் சொன்னார். பெட்டி உள்ளே போயிற்று. தாளில் அலை வந்துகொண்டிருந்தது, வந்துகொண்டே இருந்தது, சட்டென்று நின்றுவிட்டது. மெஷின் நிற்கவில்லை, தாள் ஓடுகிறது. மேலே ஒரு கோடு, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பெட்டி கொட்டகையின் நடுவைக் கடந்ததும் மறுபடி அலை வந்தது.

மெஷின் சார் ஒயரை ஆட்டிப் பார்த்தார். திரும்ப இழுக்கச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் வெள்ளை. வேறு பக்கத்திலிருந்து இழுத்தார்கள், அப்போதும் வெள்ளைதான். பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு இடத்தில் மெஷினுக்குக் கண் தெரியவில்லை.

"இந்த எடம் சிக்னல முழுங்குது" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "உப்பு இருந்தா இப்படி ஆகும். கடலோரத்துல சாக்கடை தேடும்போதும் இதே தொல்லதான். ஆனா இது மேட்டு நெலம். இங்க எப்படி உப்பு வந்துது?"

மாமாவின் அண்ணன் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "கருவாடு போட்டு வச்சிருந்தோம் சார். மூட்ட மூட்டயா உப்பு கொட்டி வச்சது, எறங்கியிருக்கும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஏற்றுக்கொள்ளக்கூடிய பதில்தான். மெஷின் சார் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

அக்கா என் தோளை விட்டாள். கொட்டகை வாசலில் போய் நின்றாள். வாழ்க்கையில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"எப்ப கருவாடு போட்டீங்க? அவரு போறதுக்கு முன்னால இந்தக் கொட்டாய்ல வெறகுதான் இருந்துது, நான்தான் அடுக்கனேன். அவரு போன அந்த வாரமே அத்த உப்ப உட்டுட்டாங்க. அப்பறம் இந்த வூட்டுக்குள்ள ஒரு கல்லு உப்பு வந்துதா? சொல்லுங்க."

அவர் தலை மார்பில் தொங்கிவிட்டது. அக்கா தரையைப் பார்த்தாள். பத்து வருஷமாகத் தான் தலை வைத்துப் படுத்த இடத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்று ஒன்றாக ஏதோ சேர்ந்துகொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. வெள்ளையாகக் கிடக்கிறது என்று கிழவி சொன்ன குளிர் தேசம் எனக்கும் அப்போதுதான் காலுக்கடியில் உறைத்தது.

"இங்க தோண்டுங்க சார்" என்றாள் அக்கா.

இறுகின மேல்மண்ணை உடைத்ததும் மண்வெட்டி வேறு மாதிரி சத்தம் போட்டது. மண்ணோடு கலந்து பாறையாகிப் போன உப்பு. கூரைக்குக் கீழே மழை படாமல் அப்படியே இருந்தது. ஒரு மூட்டை உப்பாவது இருக்கும். அதைப் பெயர்த்து எடுக்க எடுக்க நீலம் தெரிந்தது. டெர்லின் மக்காது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணி விற்றது வீணாகவில்லை. தெற்கே தலை வைத்து, கை கால் நேராக்கி, முறையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கீழே குனிந்து சட்டையை மெல்லத் துடைத்தார். ஒரு பொத்தான் சிவப்பு நூலில் நின்றது.

அக்கா அலறவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"என்ன உட்டுட்டுப் போவலடி" என்றாள். "எங்கியும் போவலடி அவரு. இங்கயேதான்டி இருந்தாரு."

பிறகு அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். கூரை வேய்ந்து முடித்த அன்று தோட்டத்தைப் பிரிக்கிற பேச்சு வந்து கைகலப்பாகிவிட்டது. தள்ளியதில் தம்பியின் தலை கிணற்றடியில் துவைக்கிற கல்லில் மோதியது. அம்மா ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். மூச்சு நின்ற பிறகு, "ஒருத்தன் போய்ட்டான், இன்னொருத்தனையும் தூக்குக்குத் தர மாட்டேன்" என்றாளாம். குழி மட்டும் அவர் தோண்டினார். மற்றதெல்லாம் அம்மா செய்தாள். உப்பு வேண்டாம், வாங்கினால் நாலு பேர் கேட்பார்கள் என்று அவர் தடுத்தும், அந்த வருஷத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த மூட்டையை அவளே இழுத்து வந்து, கையால் அள்ளி அள்ளிப் போட்டாளாம்.

எனக்குக் கிழவி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எப்பேர்ப்பட்ட பாவி! செத்தவன் மேலேயே பாய் விரித்து, அவன் பெண்டாட்டியைப் பக்கத்தில் படுக்க வைத்து, கனவு சொல்லியிருக்கிறாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். உழவர்கரைப் பக்கம் போகிற பஸ் ஒன்று எங்களைக் கடந்து போகிற வரைக்கும் நின்றுவிட்டுச் சொன்னாள்.

"நான் அவங்கள மன்னிக்க மாட்டேன். சாவற வரைக்கும் மாட்டேன். ஆனா புள்ளைக்கு உப்பு போட்டாங்க பாரு. அதுக்கப்பறம் உப்பு அவங்க தொண்டையில எறங்கல."

வீட்டு வாசலில் தெருப் பெண்கள் காத்திருந்தார்கள். பொட்டை அழிக்க வேண்டும், வளையலை உடைக்க வேண்டும், முறை என்று ஒன்று இருக்கிறதாம். பத்து வருஷத்துக்கு முன் செத்தவனுக்கு இன்றைக்கு என்ன அவசரம், போய் அவரவர் புருஷனுக்குச் சோறு போடுங்கள் என்று கதவைச் சாத்தினேன். என்னை அவர்கள் அதற்கு முன்பும் நல்லவள் என்று சொன்னதில்லை.

அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். பூ இல்லை, அதைக் குழியிலேயே போட்டுவிட்டாள். நான் அடுப்பில் வழக்கம்போல இரண்டு சட்டியை ஏற்றினேன். அவள் வந்து தன் சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள்.

"எனக்கும் இதுலயே ஊத்து."

"உப்பு போட்டுட்டேன் அக்கா."

"இருக்கட்டும். வேண்டுதல் முடிஞ்சிது. அவருதான் வந்துட்டாரே."

ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன். ஒரு வாய் வைத்தாள். நாக்கு உப்பை மறந்து போயிருந்தது போல, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள். கன்னத்தில் ஓடி வந்த கண்ணீரும் வாய்க்குள் போயிற்று.

"கொஞ்சம் கூடிப்போச்சிடி" என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.